ஒரு ஃபிரேம் முன்னாடி விட்ட குண்டு

ஸ்கோர் 12–12. அடுத்த பாயின்ட் யாருக்கோ அவங்களுக்கு ஆட்டம். எதிர் டீமோட குண்டு, சின்ன மரக்குண்டை ஒட்டிக்கிட்டு நிக்குது. அதை அடிச்சுத் தூக்கிட்டா எங்க குண்டுதான் அடுத்த நெருக்கம், ஜெயிச்சுடுவோம். தூரம் எட்டு மீட்டர் இருக்கும். என் கையில் கடைசிக் குண்டு. கூட ஆடுற நண்பன் ஒரு வார்த்தை பேசலை, அதுவே பயமா இருந்தது. வட்டத்துக்குள்ள காலை வச்சேன், மூச்சை இழுத்தேன், இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு வீசினேன்.

குண்டு ரெண்டரை அடி முன்னாடியே மண்ணில் விழுந்தது. ஒரு துள்ளு துள்ளி, பக்கவாட்டில் உருண்டு, யாருக்கும் தொந்தரவு கொடுக்காம வேலி ஓரம் போய் நின்னுச்சு.

வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்த பெரியப்பா பக்கத்துல வந்தார். பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவர். எங்க ஊர் பாஷையில் ‘சொல்தா’. தோள் தேஞ்சுபோய் இப்ப ஆடறதில்லை. "இன்னாடா அவசரம் உனக்கு? ரூல்ல ஒரு நிமிஷம் குடுக்கறான். நீ மூணு செகண்டுல முடிச்சிட்டே"ன்னார். நான் சொன்னேன், "பலம் பத்தலை பெரியப்பா." அவர் சிரிச்சார். அந்தச் சிரிப்புதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கோயம்புத்தூர், மதுரைன்னு வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிற நண்பர்களுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுகம். நான் சொல்ற ஆட்டத்தின் பெயர் பெத்தாங். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டுப் போனாலும் போகாம தங்கிட்ட விஷயங்களில் இதுவும் ஒண்ணு. உலோகக் குண்டு, எடை 650 முதல் 800 கிராம் வரை, விட்டம் 7 முதல் 8 சென்டிமீட்டர். 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் 3 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு மரக்குண்டு கிடக்கும். அதுக்கு நெருக்கமா யார் குண்டு இருக்கோ அவங்களுக்கு பாயின்ட். முதலில் 13 எடுப்பவர் ஜெயிச்சார். மெதுவா உருட்டி நெருக்கமா கொண்டுபோறது ஒரு வேலை. எதிராளி குண்டைக் காத்துல பறந்துபோய் அடிச்சு விரட்டறது இன்னொரு வேலை. ரெண்டாவதைத்தான் நான் செய்யணும், ஆனா செய்ய முடியலை.

இந்த ஆட்டம் பிறந்த கதையிலேயே ஒரு மெக்கானிக்ஸ் பாடம் இருக்கு. தென் பிரான்ஸில் இதுக்கு முன்னாடி ஆடின ஆட்டத்தில், குண்டை அடிக்கிறவர் மூணு எட்டு ஓடிவந்து வீசுவார். 1900-களின் தொடக்கத்தில், லா சியோத்தா என்கிற கடற்கரை ஊரில், ஜூல் லெனுவார் என்பவருக்கு மூட்டுவாதம். ஓட முடியலை. அவருக்காக, நின்ன இடத்திலிருந்தே வீசற மாதிரி ஆட்டத்தை மாத்தினாங்க. ‘கால் ஊன்றி’ என்கிற அர்த்தத்தில்தான் பெத்தாங்னு பேரே வந்தது. இன்னிக்கும் குண்டு தரையைத் தொடும்வரை கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஓடிவந்து சேர்க்கற வேகம் கிடையாதுன்னா, மொத்த வேகமும் ஒரே ஒரு கை வீச்சிலிருந்துதான் வரணும்.

அந்த வீச்சைப் பத்தி யாராவது ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களான்னு தேடப் போய்த்தான் கோல்ஃபுக்குள்ள விழுந்தேன். கோல்ஃப் மட்டையை நான் இதுவரை கையால் தொட்டதில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க: அங்கேயும் கால் ஊன்றித்தான் நிக்கணும். பந்து அசையாம கிடக்குது. எதிரே யாரும் பந்து வீசலை, யாரும் அவசரப்படுத்தலை. அவசரம் முழுக்க நம்ம தலைக்குள்ளதான். பணக்கார விளையாட்டு என்பதால் ஒரு வசதி, அரை நூற்றாண்டுக்கு மேலா அதை இயற்பியல் ஆளுங்க பிரிச்சு மேஞ்சிருக்காங்க.

முதலில் பவர் கணக்கு. ஒரு தொழில்முறை கோல்ஃப் வீரரின் மட்டைத் தலை சுமார் 200 கிராம். பெரிய அடியில் அது பந்தைத் தொடும்போது நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அரை எம்வி ஸ்கொயர் போட்டால் 250 ஜூல். உச்சியிலிருந்து மட்டை இறங்க ஆகிற நேரம் கால் நொடி. 250-ஐ கால் நொடியால் வகுத்தால் 1000 வாட். வீட்டு மாடிக்குத் தண்ணி ஏத்தற அரை எச்பி மோட்டார் ரெண்டு சேர்ந்தாலும் இவ்வளவு வராது. இதுவும் மட்டைத் தலைக்கு மட்டும் போட்ட கணக்கு, தண்டும் கையும் தனி. ரெண்டு கைத் தசைகள் மட்டும் இதைக் கொடுக்க முடியாது. தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்துதான் கொடுக்குது. அதனால்தான் நல்ல வீரர்களின் வீடியோவில், மட்டை இன்னும் பின்னால போய்க்கிட்டு இருக்கும்போதே இடுப்பு முன்னால் திரும்ப ஆரம்பிச்சிருக்கும். இடுப்பு, தோள், கை, மட்டை. இந்த வரிசைதான்.

இப்ப என் குண்டுக்கு வருவோம். 700 கிராம். எட்டு மீட்டர் தூரத்தை, இடுப்பு உயரத்திலிருந்து, 20 டிகிரி கோணத்தில் தாழ்வா எறியணும்னா முதல் செமஸ்டர் புரொஜெக்டைல் சூத்திரம் போதும்: நொடிக்கு 9.6 மீட்டர் வேகம் வேணும். ஆற்றல் சுமார் 32 ஜூல். மூணில் ஒரு பங்கு நொடியில் கொடுக்கறோம்னு வச்சுக்கிட்டா 100 வாட். பழைய காலத்து குண்டு பல்பு ஒண்ணு. பெரியப்பா சிரிச்சதன் அர்த்தம் இங்கதான் புரிஞ்சுது. 100 வாட் வேலைக்கு நான் உடம்பிலுள்ள எல்லா தசையையும் இறுக்கிக்கிட்டு நின்னிருக்கேன்.

அப்போ சும்மா ஊஞ்சல் மாதிரி கையைத் தொங்கவிட்டு ஆட்டினா போதுமா? மைதானத்துல பெரியவங்க எல்லாரும் சொல்ற அறிவுரை அதுதான்: "ஊஞ்சல் மாதிரி விடு." மன்னிக்கணும், அதையும் கணக்கு போட்டுட்டேன். தோளிலிருந்து குண்டு வரை 70 சென்டிமீட்டர். கையைப் பின்னால் தரைக்கு இணையா தூக்கி, தசையே பயன்படுத்தாம விட்டா, கீழே வரும்போது குண்டின் வேகம் நொடிக்கு 3.7 மீட்டர். கையோட எடையையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், நாலரையைத் தாண்டாது. தேவை 9.6. பாதிகூட வரலை. ஆக, ஊஞ்சல் உதாரணம் மனசை அமைதிப்படுத்த நல்லது, ஆற்றல் கணக்குக்கு உதவாது. மீதியை நாமதான் கொடுக்கணும். எப்போ கொடுக்கறோம் என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போகுது.

ஹாஸ்டலில் ஈரத்துண்டைச் சுருட்டி ஒருத்தர் முதுகில் ‘சுளீர்’னு அடிச்ச அனுபவம் உங்களில் பாதிப் பேருக்கு இருக்கும். மீதிப் பாதிக்கு வாங்கின அனுபவம் இருக்கும். அந்த அடியில் கையை முழு வேகத்தில் கடைசிவரை தள்ளிக்கிட்டே போக மாட்டோம். கை முன்னால் போகும், ஒரு இடத்தில் சட்டுனு தளரும், அப்போ துண்டின் நுனி பாயும். கையில் இருந்த ஆற்றல் நுனிக்கு மாறிடுச்சு. 1968-ல் அலஸ்டைர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் ரெண்டு பேரும் எழுதின, பிரிட்டன் கோல்ஃப் சங்கத்தின் ஆய்விலிருந்து வந்த ஒரு புத்தகம் கோல்ஃப் வீச்சை இப்படித்தான் விளக்குச்சு: அது இரட்டை ஊசல். தோளில் தொங்குற கை முதல் ஊசல். மணிக்கட்டு ஒரு கீல். அதில் தொங்குற மட்டை ரெண்டாவது ஊசல்.

உச்சியில் மணிக்கட்டு மடங்கி, மட்டை கையோட கிட்டத்தட்ட செங்கோணத்தில் இருக்கும். இறங்கும்போது முதல் பாதியில் அந்த மடிப்பு அப்படியே இருக்கணும். மடங்கி இருக்கும்வரை நிலைமத் திருப்புத்திறன் குறைவு, அதனால் கை சுலபமா வேகம் எடுக்கும். வேகம் ஏற ஏற, மட்டை தானாகவே வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். விரியும்போது மணிக்கட்டைப் பின்னால் இழுக்கும், கை மெதுவாகும், மட்டைத் தலை பறக்கும். துண்டு நுனி கதைதான். புதுசா ஆடறவங்க என்ன செய்வாங்கன்னா, உச்சியிலேயே அவசரப்பட்டு மணிக்கட்டை விரிச்சுடுவாங்க, மீன் பிடிக்கத் தூண்டில் வீசற மாதிரி. அந்த நிமிஷமே நீளமான, பாரமான ஒண்ணைக் கை தள்ளவேண்டி வருது. மட்டை தன் உச்ச வேகத்தைப் பந்துக்கு முன்னாடியே தொட்டுட்டு, பந்துகிட்ட வரும்போது களைச்சுப் போயிருக்கும். ஆடறவருக்கு என்னவோ தான் பயங்கர பலம் போட்ட மாதிரிதான் தோணும்.

பெத்தாங் குண்டையும் இப்படித்தான் பிடிக்கறோம். உள்ளங்கை கீழே பார்க்கும், விரல்கள் குண்டை மூடி இருக்கும், பின்னால் போகும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்கும், விடும்போது விரியும். குண்டு பின்னோக்கிச் சுழல்வதும் அதனால்தான். மட்டையளவு நீளம் கிடையாது, அதனால் சாட்டை விளைவு சின்னது. ஆனா கீல் அதே கீல்.

இனி தாளம். கோல்ஃபில் இதைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் "மெதுவா ஆடு, மெதுவா ஆடு"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஜான் நோவோசெல் என்கிற அமெரிக்கர், தொழில்முறை வீரர்களின் வீடியோவை உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமா எண்ணினார். நொடிக்கு 30 ஃபிரேம். ஒருத்தர் மட்டையைப் பின்னால் கொண்டுபோக 27 ஃபிரேம் எடுத்தால், இறக்கிப் பந்தைத் தொட 9. இன்னொருத்தர் 24-க்கு 8. வேகமா ஆடறவர் 21-க்கு 7. ஆளுக்கு ஆள் வேகம் வேற, விகிதம் மட்டும் மூணுக்கு ஒண்ணு. 2004-ல் இதை ‘டூர் டெம்போ’ என்கிற புத்தகமா போட்டார். அவர் சொன்னதில் எனக்குப் பிடிச்சது: பெரிய வீரர்கள் நாம நினைக்கிற அளவு மெதுவா ஆடலை. மொத்த வீச்சும் ஒரு நொடி, ஒன்றேகால் நொடிக்குள் முடிஞ்சுடுது. சாதாரண ஆட்கள்தான் மட்டையை ஆமை மாதிரி தூக்கி, அப்புறம் பயந்து போய் கீழே இழுக்கறாங்க.

யேல் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் குரோபர் இன்னும் ஒரு படி போனார். மட்டைத் தண்டுக்குள்ள சென்சார் வச்சு, வீச்சின் வேகத்தை ஒலியாக மாத்தினார். ஆடறவர் தன் தாளத்தைத் தன் காதாலேயே கேட்கலாம். ஈசிஈ நண்பர்கள் யாராவது இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்கன்னா, முடுக்கமானி இப்ப நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குது. சொல்லிட்டேன்.

நமக்கு சென்சார்கூட வேண்டாம். அக்கா பரதம் கத்துக்கிட்ட வீட்டில் வளர்ந்தவன் நான், மூணுக்கு ஒண்ணுன்னு படிச்சதும் காதில் விழுந்தது ‘தகதிமி’. சம இடைவெளியில் சொல்லுங்க: த, க, தி, மி, த. முதல் ‘த’வில் வீச்சு ஆரம்பம். ‘மி’யில் உச்சி. அடுத்த ‘த’வில் பந்து. மூணு இடைவெளி பின்னால், ஒரு இடைவெளி முன்னால். ஒரு நொடிக்கு ஒரு ‘தகதிமி’ போட்டால் நோவோசெல்லின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துடுவோம். வேகம் உங்க உடம்புக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கலாம், இடைவெளி மட்டும் மாறக்கூடாது.

மூணு மடங்கு நேரம் எடுத்துப் பின்னால் போறதில் அப்படி என்ன லாபம்? வேகமா பின்னால் போனால், உச்சியில் கையை நிறுத்தவே தசை பாதி உழைப்பைச் செலவழிக்கணும். ரொம்ப மெதுவா போய் அங்கேயே நின்னுட்டாலும் நஷ்டம். இழுபட்ட தசை ரப்பர் பேண்டு மாதிரி கொஞ்சம் ஆற்றலைப் பிடிச்சு வச்சிருக்கும், காத்திருந்தால் அது வீணாப் போயிடும். குதிக்கறதுக்கு முன்னாடி உட்கார்ந்து எழும்பறோமே, உட்கார்ந்து ரெண்டு செகண்ட் காத்திருந்து குதிச்சுப் பாருங்க, உயரம் குறையும். அதனால் "மெதுவா விடு" என்கிற அறிவுரையும் பாதிதான் சரி.

என் ரெண்டரை அடிக்கு வருவோம். நொடிக்கு 9.6 மீட்டர், ஆரம் 70 சென்டிமீட்டர். கை நொடிக்குக் கிட்டத்தட்ட 14 ரேடியன் சுத்துது. 5 மில்லி நொடி முன்னாடி விரலைத் திறந்துட்டா, கோணம் 4 டிகிரி குறையும். 20 டிகிரிக்குப் பதில் 16. அதை அதே சூத்திரத்தில் போட்டேன்: குண்டு விழுற இடம் எட்டு மீட்டர் இல்லை, ஏழேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. முக்கால் மீட்டருக்கு மேல் குறையுது. அதுதான் ரெண்டரை அடி.

போன்ல ஸ்லோ மோஷன் நொடிக்கு 240 ஃபிரேம். ஒரு ஃபிரேம் 4 மில்லி நொடிக்குக் கொஞ்சம் மேல். நான் மேட்ச் தோத்தது ஒரே ஒரு ஃபிரேமில்.

ஒரு கிறுக்கு வேலையும் பார்த்தேன். அதே 5 மில்லி நொடிப் பிழையை 45 டிகிரி வீச்சில் போட்டால்? முன்னாடி விட்டால் சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம் வந்துது. ஏன்னா தூரம் உச்சமா இருக்கிற கோணத்துக்குப் பக்கத்தில், கோணம் கொஞ்சம் மாறினாலும் தூரம் அவ்வளவா மாறாது. கால்குலஸ் பாடத்தில் பெருமம்னு படிச்சோமே, அதுவே. அப்போ எல்லாரும் உயரமா வீசலாமேன்னு பெரியப்பாகிட்ட பெருமையா சொன்னேன். "மேலேயிருந்து விழுந்தா நேரா அது தலையிலதான் விழணும். அரை சாண் முன்னாடி விழுந்தாலும் குத்தி நின்னுடும். தாழப் போனா முன்னாடி விழுந்தாலும் வழுக்கிப் போய் அடிக்கும்"னார். எனக்கு வழுக்கலை, அது வேற விஷயம். ஆனா அவர் சொன்னது சரி. சூத்திரத்தில் மண் கிடையாது.

அப்புறம் ஒரு மாசம் செஞ்சது இதுதான். முதலில் பிடி. பழுத்த தக்காளியைப் பிடிக்கிற இறுக்கம், அதுக்கு மேல் வேண்டாம். இறுக்கிப் பிடிச்ச விரல் ஒரே நேரத்தில் திறக்காது, ஒரு விரல் முந்தும், ஒரு விரல் பிந்தும். அடுத்து கால். கோல்ஃப் பயிற்சியாளர்கள் தாளம் கெட்டவங்களை ரெண்டு காலையும் சேர்த்து வச்சு அடிக்கச் சொல்வாங்க. உடம்பைத் தூக்கிப் போட்டு அடிச்சால் தடுமாறி விழுந்துடுவோம், அதனால் வீச்சு தானா ஒழுங்காகும். எங்க ஆட்டத்தில் 35 முதல் 50 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நிக்கிறதே சட்டம். லெனுவார் புண்ணியத்தில் பயிற்சி இலவசம். பாதம் எழும்பக் கூடாதே தவிர, முழங்கால் மடங்கி நிமிர்வதை யாரும் தடுக்கலை. அந்த நிமிர்வுதான் 100 வாட்டில் கணிசமான பங்கு. கை இறங்குறதுக்கு ஒரு கணம் முன்னாடி முழங்கால் நிமிரத் தொடங்கணும். நான் இத்தனை நாளா ரெண்டையும் சேர்த்தே செஞ்சுக்கிட்டு இருந்தேன்.

மூணாவதா, குண்டே இல்லாம வெறும் கையில் தகதிமி. மெஸ் வரிசையில் நின்னுக்கிட்டு செஞ்சதை சிலர் பார்த்து வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க, பரவாயில்லை. நாலாவதா, பக்கவாட்டிலிருந்து வீடியோ. பட்ட வீச்சையும் படாத வீச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தால், வித்தியாசம் விடுற இடத்தில் கண்ணுக்குத் தெரியலை. உச்சியில் தெரிஞ்சுது. பட்டதில் கை உச்சியில் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் மெதுவா வளைஞ்சு திரும்புது. படாததில் சுவரில் மோதின மாதிரி வெடுக்குனு திரும்புது, அங்கேயே மணிக்கட்டும் பாதி விரிஞ்சாச்சு. கடைசி ஃபிரேம் பிழை அங்கேயே தொடங்கிடுது.

தூரம்தான் எல்லாம்னு நினைக்கிறவங்களுக்கு அதிதி அசோக் ஞாபகம் இருக்கட்டும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் கோல்ஃப் போட்டியில், களத்திலேயே மிகக் குறைந்த தூரம் அடிக்கிறவங்களில் அவரும் ஒருத்தர். நாலாவது இடம், ஒரே ஒரு அடியில் வெண்கலம் போச்சு. விடியற்காலையில் எழுந்து டிவி பார்த்தேன். தன்னைவிட அம்பது அடி முன்னாடி பந்தை அடிச்சவங்களைப் பார்த்து அவர் ஒரு தடவைகூட வீச்சை அவசரப்படுத்தின மாதிரி எனக்குத் தெரியலை.

போன ஞாயிறு எட்டு மீட்டரில் பத்து குண்டு வீசினேன். நாலு பட்டது. ஒண்ணு ‘காரோ’. எதிராளி குண்டை விரட்டிட்டு அதே இடத்தில் என் குண்டு நிக்கிறது. சம எடை, நேர் மோதல், உந்தம் முழுக்கக் கை மாறும், அவ்வளவுதான் விஷயம். ஆனா அந்த ‘டங்’ சத்தத்துக்கு அப்புறம் விஷயம் யாருக்கு வேணும். பெரியப்பா பெஞ்சிலிருந்து எழுந்திருக்கலை. "மீதி ஆறு?"ன்னார். வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, ஏழாவது வீச்சில் நிறுத்தச் சொன்னார். போன்ல ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, "பார், இங்க மறுபடியும் அவசரம்"னு விரலை வச்சுக் காட்டினார். ஃபிரேமை எண்ணிப் பார்த்தேன். அவர் விரல் வச்சது சரியான ஃபிரேம்.